ஒரே ஆள், இரண்டு பேரம்: டேவிட் ஃப்ரீமனும் ஊருக்குச் சொந்தமான கரண்ட்டும்

அமெரிக்க மின்துறை வரலாற்றைப் புரட்டுகிறவர்கள் எஸ். டேவிட் ஃப்ரீமன் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. 1926-ல் டென்னசி மாநிலத்தின் சாட்டனூகா நகரில், லிதுவேனியாவிலிருந்து குடியேறிய ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்குக் குடை ரிப்பேர் செய்யும் தொழில். பிள்ளை முதலில் சிவில் இன்ஜினியரிங் படித்தார், அப்புறம் சட்டமும் படித்தார். வாழ்நாளில் ஐந்து பெரிய பொதுமின் நிறுவனங்களின் தலைமையில் இருந்தார்: டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் (சுருக்கமாக டி.வி.ஏ.), டெக்சாஸின் கொலராடோ கீழாற்று ஆணையம், சாக்ரமெண்டோ நகராட்சி மின் மாவட்டம், நியூயார்க் மின் ஆணையம், லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்-மின் துறை. 2020-ல், 94 வயதில் காலமானார்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். கடனிலும் குழப்பத்திலும் தவிக்கும் ஒரு நிறுவனம். கௌபாய் தொப்பி போட்ட ஒருத்தர் உள்ளே நுழைகிறார். எதையாவது ரத்து செய்கிறார், எதையாவது நடுகிறார், கணக்கை நேராக்குகிறார், அடுத்த ஊருக்குக் கிளம்புகிறார். அவரும் அந்த வேஷத்தை விரும்பியே ஏற்றார். 2016-ல் வந்த அவருடைய தன்வரலாற்றின் பெயரே ‘பச்சை கௌபாய்’ என்ற பொருளில்தான் இருக்கிறது.

கதை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஆள் எந்தத் தரையில் நின்று பேசினார் என்பது கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஃப்ரீமனின் வெற்றிகளில் பெரும்பகுதி அவருக்குக் கீழே இருந்த நிறுவனத்தின் பலம். அந்தப் பலம் இல்லாத இடத்தில் அதே ஆள், அதே சாமர்த்தியம், அதே சில மாதங்களுக்குள், வேறு மாதிரி முடிந்தது. அதைக் காட்டத்தான் இந்தக் குறிப்பு.

ஊருக்குச் சொந்தம் என்றால் என்ன?

பொதுமின் நிறுவனம் என்றதும் நமக்கு மாநில அளவிலான ஒரு பெரிய வாரியம்தான் மனசில் வரும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான வீடுகளுக்குக் கரண்ட் கொடுப்பது பங்குச்சந்தையில் உள்ள தனியார் கம்பெனிகள். ஆனால் அதன் நடுவே ஏறத்தாழ 2,000 ஊர்களில் மின்சாரம் அந்தந்த ஊருக்கே சொந்தம். கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், சில இடங்களில் மின்நிலையம், எல்லாமே நகராட்சியின் சொத்து. நாட்டில் ஏழு மின் இணைப்புகளில் ஒன்று இப்படிப்பட்டது. நெப்ராஸ்கா மாநிலம் முழுக்கவே இப்படித்தான்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான். பில் கட்டுகிறவரும் முதலாளியும் ஒரே ஆள். லாபம் என்று தனியாக எடுத்துப் பங்குதாரருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. வரிவிலக்குள்ள கடன் பத்திரம் போட்டுக் குறைந்த வட்டியில் பணம் திரட்டலாம். பொது மேலாளர் சரியில்லை என்றால் நகர சபையையோ தேர்தலில் ஜெயித்து வந்த இயக்குநர் குழுவையோ போய்க் கேட்கலாம். அடுத்த தேர்தலில் அவர்களையே மாற்றலாம்.

இது சும்மா கிடைத்ததும் இல்லை. சாக்ரமெண்டோ மக்கள் தங்களுக்கென்று மின் மாவட்டம் வேண்டும் என்று 1923-ல் ஓட்டுப் போட்டார்கள். அங்கே அப்போது கரண்ட் விற்றுக்கொண்டிருந்தது பி.ஜி. அண்ட் இ. என்ற தனியார் கம்பெனி. வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்து, கம்பிகள் ஊர் கைக்கு வந்தது 1946 டிசம்பர் 31-ல். ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்த நாளைப் பார்க்க உயிரோடு இருந்தார்களோ! ஃப்ரீமன் 1990-ல் அந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

நிறுத்தத் தெரிந்தவர்

ஃப்ரீமனின் பெரிய திறமை கட்டுவதில் இருந்ததை விட நிறுத்துவதில் இருந்தது. இதை அவரது ரசிகர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

1970-களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளைக்காக ஒரு எரிசக்திக் கொள்கை ஆய்வை நடத்தினார். 1974-ல் அறிக்கை வந்தது. அமெரிக்காவின் எரிசக்தித் தேவை பழைய வேகத்திலேயே வளர்ந்தால் என்ன ஆகும், சிக்கனமான கருவிகள் வந்தால் என்ன ஆகும், வளர்ச்சியே நின்றால் என்ன ஆகும் என்று மூன்று பாதைகளை அது வைத்தது. வளர்ச்சி விகிதத்தைக் குறைத்தாலும் பொருளாதாரம் படுத்துவிடாது என்பது அதன் சாரம். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு மொபில் எண்ணெய்க் கம்பெனியின் தலைவர் வில்லியம் டவுலேரியஸ் அந்த அறிக்கைக்குள்ளேயே நீண்ட மறுப்பு எழுதினார். எண்ணெய்க்காரருக்கு அவ்வளவு உறுத்தியிருக்கிறது என்றால் விஷயம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

1977-ல் ஜிம்மி கார்ட்டர் அவரை டி.வி.ஏ. இயக்குநர் குழுவில் அமர்த்தினார், அடுத்த ஆண்டு தலைவராக்கினார். டி.வி.ஏ. நம்மவர்களுக்கும் அந்நியம் இல்லை. 1948-ல் இந்தியாவில் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது அதை மாதிரியாக வைத்துத்தான். அது மத்திய அரசின் நிறுவனம். ஆனால் அதன் கரண்ட்டை வீடுகளுக்குக் கொண்டுபோவது 150-க்கும் மேற்பட்ட நகராட்சி, கூட்டுறவு மின் அமைப்புகள். அதாவது மேலே டி.வி.ஏ. தும்மினால் கீழே நூற்றைம்பது ஊருக்கு ஜலதோஷம்.

அப்போது டி.வி.ஏ. ஏழு இடங்களில் மொத்தம் 17 அணு உலைகள் என்ற திட்டத்தில் இருந்தது. மின்தேவை பழைய வேகத்தில் ஏறிக்கொண்டே போகும் என்ற கணக்கில் போட்ட திட்டம். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்தக் கணக்கு பொய்த்தது, தேவை தட்டையானது. ஆனால் கான்கிரீட் ஏறிக்கொண்டிருந்தது, வட்டியும் கூடவே ஏறியது. படிப்படியாகப் பணிகள் நிறுத்தப்பட்டன. 1982-ல் நான்கு உலைகளும் 1984-ல் நான்கு உலைகளும் ரத்தாகின. 17-ல் 8 போயிற்று. கூடவே வீடுகளுக்கு இலவச மின்சிக்கன ஆய்வு, கூரையிலும் சுவரிலும் வெப்பத்தடுப்பு போட வட்டியில்லாக் கடன் என்று ஒரு பெரிய திட்டம் லட்சக்கணக்கான வீடுகளைத் தொட்டது. அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்காக நடந்துகொண்டிருந்த வழக்கை சமரசமாக முடித்து, புகையைக் குறைக்கவும் ஒப்புக்கொண்டார்கள்.

இதை அவர் தனியாளாகச் செய்யவில்லை. 1981-ல் ரீகன் வந்ததும் தலைவர் பதவி போனது, 1984 வரை குழுவில் சாதாரண உறுப்பினராகவே இருந்தார். ஆனாலும் ரத்துகள் தொடர்ந்தன. ஏன்? பாதி கட்டிய உலையின் செலவும் கடைசியில் கரண்ட் பில்லில்தான் வந்து விழும், பில் கட்டுகிறவர்கள் கூச்சல் போட்டார்கள். தப்பிக்க ஒரு பங்குதாரர் கூட்டம் கிடையாது. கணக்கு சுற்றிச் சுற்றி அதே ஊர் மக்களிடம் வந்து நின்றது.

சாக்ரமெண்டோ இன்னும் தெளிவான உதாரணம். அந்த ஊருக்குச் சொந்தமாக ராஞ்சோ சேகோ என்ற 913 மெகாவாட் அணுமின் நிலையம் இருந்தது. 1975-ல் ஓட ஆரம்பித்தது. ஓடிய நாட்களை விட நின்ற நாட்களே அதிகம் என்று சொல்லும்படியான வரலாறு அதற்கு. 1985 டிசம்பரில் உலை அளவுமீறிக் குளிர்ந்துபோன ஒரு பெரிய கோளாறு. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மூடியே கிடந்தது. அதற்குள் கட்டணம் பலமுறை ஏறியது. 1988-ல் ஒரு வாக்கெடுப்பு: இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்ப்போம் என்று குறுகிய வித்தியாசத்தில் முடிவானது. 1989 ஜூன் 6-ல் இன்னொரு வாக்கெடுப்பு: 53 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மறுநாளே நிறுத்தினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அணு உலையை ஓட்டுப் போட்டு மூடியது அமெரிக்காவில் அதுதான் முதல் தடவை.

தேதியைக் கவனியுங்கள். ஃப்ரீமன் அங்கே வந்தது 1990-ல். உலையை மூடியது ஊர். அவர் வந்தது, மூடிய பிறகு என்ன செய்வது என்று யோசிக்க. அதை நன்றாகவே செய்தார், சந்தேகமில்லை. பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் திட்டம். வீட்டின் மேற்கிலும் கிழக்கிலும் இலவசமாக மரக்கன்று, சாயங்கால வெயில் சுவரில் விழாமல் இருந்தால் ஏசி குறைவாக ஓடும் என்ற எளிய கணக்கு. 1993-ல் கூரைச் சோலார்: கூரை வீட்டுக்காரருடையது, பலகை ஊருடையது, அதற்காக வீட்டுக்காரர் மாதம் சில டாலர் கூடுதலாகவே கட்டினார். மேலாளருடைய சொல்லை நம்பி ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றால், அந்த நம்பிக்கை மேலாளருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. இது நம்ம கம்பெனி என்ற எண்ணம் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

இங்கே ஒரு திருத்தமும் தேவை. மரமும் சோலாரும் சேர்ந்து 913 மெகாவாட்டை ஈடுகட்டிவிட்டன என்பது போல ஒரு பிம்பம் உலவுகிறது. அப்படி இல்லை. வெளியிலிருந்து வாங்கிய கரண்ட்டும், சூப் ஆலை, சோப்பு ஆலை போன்றவற்றை ஒட்டிக் கட்டிய இயற்கை எரிவாயு நிலையங்களும்தான் பெரும்பள்ளத்தை நிரப்பின. அந்த நிலையங்கள் கரண்ட்டோடு ஆலைக்கு வேண்டிய நீராவியையும் கொடுத்தன, அதனால் எரிபொருள் வீணாவது குறைவு. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் அதை மரத்தடியில் மறைக்க வேண்டியதில்லை.

2001: இரண்டு பேரம்

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம்.

1996-ல் கலிஃபோர்னியா மின்சந்தையைத் திறந்துவிட ஒரு சட்டம் போட்டது. சட்டமன்றத்தில் எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. தனியார் மின் கம்பெனிகள் தங்கள் எரிவாயு நிலையங்களில் பெரும்பாலானவற்றை விற்றன. இனி தினமும் ஏலச் சந்தையில் கரண்ட் வாங்கி வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். வாங்கும் விலைக்கு உச்சவரம்பு உறுதியில்லை, வீட்டுக்கு விற்கும் விலையோ உறைந்து நின்றது. சில்லறைக் கடைக்காரனைப் பார்த்து, நீ கொள்முதல் விலையைக் கேட்காதே, விற்பனை விலையை மாற்றாதே என்று சொன்ன மாதிரி.

நகராட்சி மின் நிறுவனங்களுக்கு இந்தச் சட்டத்தில் விருப்பம் இருந்தது. வேண்டுமானால் சேரலாம், வேண்டாமென்றால் விலகி நிற்கலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் தன் மின்நிலையங்களை விற்கவில்லை, தன் வாடிக்கையாளர்களைச் சந்தைக்குத் திறந்துவிடவும் இல்லை. 1997-ல் ஃப்ரீமன் அங்கே பொது மேலாளராக வந்தார். போட்டி எப்படியும் ஒருநாள் வரும், அதற்குள் கடனை அடைத்து நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை ஈட்டுத்தொகை கொடுத்து அனுப்பினார், கடனை வேகமாகக் குறைத்தார்.

2000 கோடையில் சந்தை வெடித்தது. 1999 டிசம்பரில் மொத்த விலை யூனிட்டுக்கு சராசரியாக 3 சென்ட். 2000 டிசம்பரில் அதுவே 37 சென்ட்டைத் தாண்டியது. மின்நிலையங்கள் ‘பழுது’ என்று மூடப்பட்டன. விலையை ஏற்றுவதற்கென்றே என்ரான் வகையறா வணிகர்கள் கரண்ட்டை வெளியே அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தது பிற்பாடு அம்பலமானது. (மகாராஷ்டிராவின் தாபோல் கதை தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.) 2001 ஜனவரியில் வட கலிஃபோர்னியாவில் சுழற்சி முறையில் மின்வெட்டு வந்தது. மார்ச்சிலும் மே மாதத்திலும் வேறு பகுதிகளையும் தொட்டது. ஏப்ரலில் பி.ஜி. அண்ட் இ. திவால் மனு போட்டது.

லாஸ் ஏஞ்சல்ஸில் விளக்கு அணையவில்லை, கட்டணமும் எகிறவில்லை. மிச்சமிருந்த கரண்ட்டை மாநிலத்துக்கு விற்றார்கள், நல்ல விலைக்கு. ரொம்ப நல்ல விலைக்கு என்று ஆளுநர் கிரே டேவிஸே பொதுவெளியில் குறைப்பட்டார். எப்படிப் பார்த்தாலும், அன்றைக்கு மேசையில் பலமான பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஃப்ரீமன்.

அந்த ஜனவரியிலேயே டேவிஸ் அவரை மாநிலத்துக்காகப் பேரம் பேச அழைத்துக்கொண்டார். தனியார் கம்பெனிகளிடம் பணம் இல்லாததால் மாநில அரசே, அதுவும் நீர்வளத் துறையின் மூலம், கரண்ட் வாங்க வேண்டிய நிலை. தினமும் கோடிக்கணக்கான டாலர் கரைந்துகொண்டிருந்தது. ஏலச் சந்தையிலிருந்து வெளியே வர ஒரே வழி நீண்டகால ஒப்பந்தம். சில வாரங்களில் ஒப்பந்தங்கள் குவிந்தன. மொத்த மதிப்பு சுமார் 43 பில்லியன் டாலர், சராசரி விலை யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 சென்ட், பலவும் பத்தாண்டு வரை நீள்பவை, பெரும்பாலும் எரிவாயு.

ஜூனில் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் மேற்கு மாநிலங்கள் முழுக்க விலைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மக்களும் கரண்ட்டைச் சிக்கனமாகச் செலவழித்தார்கள். சந்தை விலை சரிந்தது. இப்போது மாநிலத்தின் கையில் இருப்பது விலை உயர்ந்த ஒப்பந்தம். மிஞ்சிய கரண்ட்டை வாங்கிய விலைக்கும் கீழே விற்க நேர்ந்தது. ஆண்டு முடிவதற்குள் மாநிலத் தணிக்கையாளர் அந்த ஒப்பந்தங்களைக் கடுமையாக விமர்சித்தார். 2002 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவே தான் போட்ட ஒப்பந்தங்களை ரத்து செய்யச் சொல்லி மத்திய ஆணையத்திடம் போனது. பல ஒப்பந்தங்கள் மறுபேச்சுக்கு வந்தன.

ஃப்ரீமனுக்காகப் பேசுகிறவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. வீடு பற்றி எரியும்போது தண்ணீர் லாரிக்காரனிடம் பேரம் பேச முடியாது. அந்த ஒப்பந்தங்கள் மாநிலத்தை ஏலச் சந்தையிலிருந்து விடுவித்ததால்தான் விலை சரிந்தது என்றும் சொல்லலாம், அதிலும் ஓரளவு உண்மை உண்டு. எதிர்ப்பக்கம் பேசியவர்கள், இவ்வளவு நீண்ட காலத்துக்கு இவ்வளவு கரண்ட்டைக் கட்டியது அவசரம் என்றார்கள். அதிலும் உண்மை உண்டு.

எனக்கு இந்த வாதம் இரண்டுமே பாதிதான் சொல்வதாகத் தோன்றுகிறது. இரண்டும் அந்த ஆளின் சாமர்த்தியத்தைத்தான் எடைபோடுகின்றன. ஜனவரி முதல் வாரத்தில் லாஸ் ஏஞ்சல்ஸுக்காகப் பேசிய ஃப்ரீமனுக்கும் கடைசி வாரத்தில் மாநிலத்துக்காகப் பேசிய ஃப்ரீமனுக்கும் சாமர்த்தியத்தில் என்ன வித்தியாசம் இருக்க முடியும்? அதே மூளை, அதே நாக்கு, அதே தொப்பி. வித்தியாசம் கையில் இருந்ததில். முதலாமவர் கையில் சொந்த மின்நிலையங்கள், சொந்தக் கம்பிகள், குறைந்துகொண்டே வரும் கடன். காஸ்டைக் என்ற இடத்தில் இரவில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை உச்சத்துக்குப் போகும்போது இறக்கிக் கரண்ட் எடுக்கும் நிலையம்கூட இருந்தது. விலை பிடிக்கவில்லையா, வாங்காமல் எழுந்து போகலாம். இரண்டாமவர் கையில் ஒரு கம்பம்கூட இல்லை. எழுந்து போனால் மறுநாள் ஊர் இருட்டு. எழுந்து போக முடியாதவன் பேசுவதற்குப் பேரம் என்று பெயர் இல்லை.

அந்தக் காஸ்டைக்கை ஃப்ரீமன் கட்டவில்லை. அது 1970-களின் சொத்து. நிலையங்களை விற்காமல் வைத்திருக்கும் பழக்கமும் அவர் கொண்டுவந்தது இல்லை, அந்த நகராட்சி நிறுவனத்தின் தலைமுறைப் பழக்கம். அவர் செய்தது, அந்தச் சொத்தைச் சந்தைக்குத் தூக்கிக் கொடுக்காமல் காப்பாற்றியதும் கடனைக் குறைத்ததும். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பலம் நிறுவனத்திடம் இருந்து அவருக்கு வந்தது, அவரிடம் இருந்து நிறுவனத்துக்குப் போனது குறைவு.

இது அவருக்கே புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்து அவர் ஏற்றுக்கொண்ட வேலை, மாநிலத்துக்கென்று சொந்த மின்நிலையங்கள் கட்டுவதற்காக 2001-ல் உருவான புதிய ஆணையத்தின் தலைமை. 5 பில்லியன் டாலர் வரை கடன் பத்திரம் போட அதற்குச் சட்டம் அனுமதி கொடுத்தது. பெரிதாக எதையும் கட்டாமலே சில ஆண்டுகளில் அது முடங்கியது. நெருக்கடி தணிந்ததும் கட்ட வேண்டும் என்ற எண்ணமும் தணிந்துவிட்டது. சாக்ரமெண்டோ 1923-ல் ஆரம்பித்து 1946-ல் அடைந்த ஒன்றை, இரண்டு வருஷத்தில், அதுவும் விளக்கு திரும்ப எரிய ஆரம்பித்த பிறகு, அடைய முடியவில்லை. தாகம் எடுத்த பிறகு கிணறு தோண்டிய கதை.

யாருடைய ஊர்?

இதுவரை எழுதியதைப் படித்தால் ஊருக்குச் சொந்தம் என்றாலே நல்லது என்று நான் சொல்வது போல இருக்கும். அங்கேதான் இந்த மனிதரின் வாழ்க்கை இன்னொரு சங்கடமான கேள்வியையும் கேட்க வைக்கிறது. ஊர் என்பதன் எல்லை எங்கே முடிகிறது?

2001-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் விளக்கு எரிந்தது எதனால்? கரண்ட்டில் ஏறக்குறைய பாதி நிலக்கரியிலிருந்து வந்தது. அந்த நிலக்கரி எதுவும் லாஸ் ஏஞ்சல்ஸில் எரியவில்லை. யூட்டாவில் இன்டர்மவுண்டன் நிலையம்: அந்த மாநிலத்துச் சிறு நகராட்சிகள் சேர்ந்து உரிமை வைத்திருப்பது, லாஸ் ஏஞ்சல்ஸ் இயக்கி, பெரும்பங்கைத் தானே எடுத்துக்கொள்வது. அங்கிருந்து ஏறத்தாழ 780 கிலோமீட்டர் கம்பி. நெவாடாவில் மொஹாவே நிலையம். அரிசோனாவில், நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில், அவர்கள் பெயரிலேயே ஒரு நிலையம். அந்த நவஹோ நிலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இன்றுவரை மின் இணைப்பு இல்லை. அவர்கள் மண்ணில் எரிந்த நிலக்கரியின் வெளிச்சம் அவர்கள் வீட்டைத் தாண்டி வேறு ஊருக்குப் போனது.

தண்ணீர்க் கதை இன்னும் பழையது. 1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஓவன்ஸ் ஆற்று நீரைக் கால்வாய் வழியாகத் தன் ஊருக்குத் திருப்பியது. 1920-களில் ஓவன்ஸ் ஏரி வற்றியது. வற்றிய ஏரிப்படுகை அமெரிக்காவிலேயே மிக மோசமான புழுதிக் களமாக மாறியது. இதைச் செய்தது லாபவெறி பிடித்த தனியார் கம்பெனி இல்லை. ஓட்டுப் போட்டு, கடன் பத்திரம் போட்டு, ஊரே சேர்ந்து செய்தது.

ஃப்ரீமனுக்கு இங்கே ஒரு மரியாதை செலுத்தித்தான் ஆக வேண்டும். பல பத்தாண்டுகளாக மழுப்பிவந்த அந்த நிறுவனம் 1998-ல், அவர் காலத்தில், ஏரிப்படுகையின் புழுதியைக் கட்டுப்படுத்த உள்ளூர்க் காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்டத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வற்றிய ஏரியில் மறுபடி தண்ணீர் விடுவது உட்பட. கௌபாய் கதைகளில் இதற்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. எனக்கு இதுதான் அவர் செய்தவற்றில் மேலானது என்று படுகிறது. ஏனென்றால் லாஸ் ஏஞ்சல்ஸ் வாக்காளர் யாரும் அதற்காகக் கூச்சல் போட்டிருக்க மாட்டார்கள். பில் அவர்களுக்கு, பலன் வேறு ஊருக்கு. முதலாளியின் நலனைத் தாண்டி ஒரு மேலாளர் நியாயம் பேசிய இடம் அது.

எதிர் உதாரணமும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. டி.வி.ஏ.யின் டெலிகோ அணை. ஒரு சின்ன மீன் இனத்தைக் காப்பாற்ற 1978-ல் உச்ச நீதிமன்றம் அணையை நிறுத்தியது. ஃப்ரீமன் காலத்து டி.வி.ஏ. அணைக்கு மாற்று உண்டா என்று ஆராயவும் செய்தது. ஆனால் நாடாளுமன்றம் ஒரு செலவின மசோதாவில் விலக்கைச் செருகியது, கார்ட்டர் கையெழுத்துப் போட்டார், 1979 நவம்பரில் மதகு மூடப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் நிலமும், செரோக்கி மக்களின் பழைய ஊர்களும் தண்ணீருக்குள் போயின. மூடியது பொது நிறுவனம்தான். எட்டு உலைகளை நிறுத்தத் தெரிந்தவரால் ஒரு மதகை நிறுத்த முடியவில்லை. உலைக்கு எதிராகப் பில் கட்டும் கூட்டமே நின்றது. அணைக்கு எதிராக நின்றது சில குடும்பங்களும் ஒரு மீனும்.

எதைப் படிக்க வேண்டும்?

இந்த மாதிரி வாழ்க்கைகளைப் படிக்கும்போது ஆள் யார் என்பதோடு, அவர் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது, போன பிறகு என்ன நின்றது என்ற இரண்டையும் கேட்டுப் பார்க்கலாம். டி.வி.ஏ.யைத் தவிர எந்த நிறுவனத்திலும் ஃப்ரீமன் நான்கு ஆண்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தார், நியூயார்க்கில் இன்னும் குறைவு. சாக்ரமெண்டோவின் மரத்திட்டம் அவர் போய்ப் பல ஆண்டுகள் கழித்தும் தொடர்ந்து, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களைத் தாண்டிவிட்டது. ஒரு மரக்கன்று வீட்டுக்கு நிழல் தரப் பத்து வருஷம் ஆகும். நான்கு வருஷ மேலாளர் நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது பெயர் தெரியாத ஊழியர்களும், ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அந்த வரியை வெட்டாமல் விட்ட இயக்குநர் குழுவும்தான். மாநில ஆணையத்துக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.

நவஹோ நிலத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. அந்தப் பெரிய நிலக்கரி நிலையம் மூடப்பட்ட அதே 2019-ல், பல மாநிலங்களின் நகராட்சி மின் நிறுவனங்களைச் சேர்ந்த லைன்மேன்கள் அங்கே போய், நவஹோக்களின் சொந்த மின் அமைப்போடு சேர்ந்து கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். முதல் சுற்றில் 200-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு முதன்முறையாக விளக்கு எரிந்தது. தேவையோடு ஒப்பிட்டால் அது துளிதான். ஆனால் தங்கள் ஊரின் எல்லையைத் தாண்டி, தங்களுக்கு ஓட்டும் போடாத, பில்லும் கட்டாத ஆட்களுக்காகப் போய் வேலை செய்திருக்கிறார்கள். ஓவன்ஸ் ஏரிக்கு ஒரு மேலாளர் செய்ததை இங்கே லைன்மேன்கள் செய்தார்கள். அவர்களில் ஒருத்தர் பெயரும் நமக்குத் தெரியாது, தொப்பியும் வெறும் பாதுகாப்பு ஹெல்மெட்தான்.